சுவரில் எழுதிய தேதி

"...போன வாட்டியும் உள்ள எட்டிப் பாக்காமதான சார் தேதி எழுதிக்கினு போனீங்க?"

கள்ளக்குறிச்சியில் என் தெருவில் கொசுமருந்துப் புகை அடித்தால் இன்றும் அம்மாவின் இந்தக் குரல்தான் கேட்கிறது.

என் சின்ன வயதில் வடக்கனந்தலில் கூலிக்காரர் தெருவில் இருந்தோம். மலேரியாக்காரர் என்று நாங்கள் சொன்ன சுகாதார ஊழியர் பதினைந்து நாளைக்கொருமுறை வருவார். வீட்டுக்குள் வந்து, காய்ச்சல்காரர் விரலில் ரத்தம் எடுத்து, வந்ததற்கு அடையாளமாகச் சுவரில் தேதி எழுத வேண்டும். ஊர்த்தெருவில் அப்படித்தான் செய்வார். மோரும் வாங்கிக் குடிப்பார், மகராசன். எங்கள் தெருவிலோ சைக்கிளைவிட்டு இறங்காமலே எழுதிவிடுவார். போன முறை அவர் எழுதியபோது அம்மா களையெடுக்கப் போயிருந்தாள். உள்ளே தங்கை குளிர்காய்ச்சலில் நடுங்கிக்கொண்டிருந்தாள். நாலாம் நாள் செத்துப்போனாள்.

அம்மா அப்படிக் கேட்டதும், "இன்னாம்மா பண்றது, எழுதலன்னா மேல கேப்பாங்க" என்று அவர் பென்சிலை எடுத்தார்.

அம்மா அந்தச் சுவரை மறைத்து முதுகைச் சாய்த்து நின்றுகொண்டாள்.