வெள்ளிமலையில் சாமை மிதித்தது

இடஒதுக்கீட்டு மறியல் நடக்கிற வாரமாகப் பார்த்து உல்லாசப் பயணம் கிளம்பிய முட்டாள், தமிழ்நாட்டிலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன். நான் வந்து சேர்ந்த மறுநாளே கீழே சாலையில் மரங்களை வெட்டிப் போட்டுவிட்டதால் வெள்ளிமலைக்கு பஸ் வரவில்லை. பூங்கா விடுதியிலிருந்து கடைத்தெருவுக்குப் புதிதாகப் போட்டிருக்கும் நடைபாதையில் இறங்குகிறேன். பாதை முழுக்கச் சாமைக்கதிர். மிதித்தால் பாவமென்று, செருப்பைக் கையில் பிடித்தபடி ஓரத்துச் சேற்றில் கொக்குபோல் நடக்கிறேன்.

“இன்னா சார், சேத்துல போய்க்கினு இருக்கீங்க? கதிரு மேல நடங்க!” என்று அதட்டுகிறார் முறத்தோடு நிற்கும் அம்மாள்.

வழக்கமாக ரோட்டில் பரப்பினால் பஸ் சக்கரமே கதிரடித்துவிடுமாம். இப்போது புதுப்பாதையில் ஆள் நடமாட்டத்தை நம்பிப் போட்டிருக்கிறார். விடுதியில் தங்கியிருக்கும் ஒரே ஆள் நான். மேற்கே மழை கறுத்துக்கொண்டு வருகிறது. நனைந்தால் அத்தனை சாமையும் பாழ். காலைக் கழுவிக்கொண்டு ஏறி மிதிக்கிறேன். கொஞ்ச நேரத்தில் முட்டி கெஞ்சுகிறது.

“எதுவரைக்கும்மா நடக்கணும்?”

“பஸ்ஸு வர்ற வரிக்கும்.”