அம்மனுக்குப் போன வெட்டிவேர்

2024 அக்டோபர் 14, திங்கட்கிழமை. ஐந்தரைக்கு எழுந்து குளித்தேன். சட்டைக்கு இஸ்திரி போட்டேன். முழங்காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டேன். முதல் நாள் நிபோங் திபாலில் உறவினர் வீட்டுக் கல்யாணம். தீவுக்குத் திரும்பும்போது கடல் பாலத்தில் நெரிசல், வீடு சேர இருட்டிவிட்டது. அந்த அலுப்பில், தினமும் வீட்டுப் பின்பக்கக் குன்றின் சரிவை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் கிளம்புகிறவன், அன்று பார்க்காமலே ஆயர் ஈத்தாமில் பஸ் ஏறி டவுனுக்குப் போனேன். நில அளவையாளர் ஒருவரின் அலுவலகத்தில் வரைபடம் வரைவது என் வேலை. மத்தியானம் வானம் கறுத்தது, பெய்யவில்லை. மாலையில் அதே பஸ்ஸில் திரும்பினேன்.

எங்கள் வீட்டு வரிசையில் கடைசி வீடு ஓர் அக்காவுடையது. உறவில்லை, பல வருஷப் பழக்கம். பக்கவாதம் வந்து படுத்திருக்கும் அவர் கணவரின் கட்டில் பின் அறையில் இருக்கிறது. அந்த அறைச் சுவருக்கும் குன்றின் சரிவுக்கும் நடுவே ஒரு கால்வாய்தான் இடைவெளி. சில வருஷங்களுக்கு முன் பெருமழையில் மண் சரிந்து, அந்த அறை ஜன்னலின் கீழ்விளிம்பு வரை வந்து நின்றது. சரிவு முழுக்கச் சிமெண்டு பூசச் சொன்னார்கள் எல்லோரும். பார்க்க வந்த பொறியாளர் வேறு மாதிரி சொன்னார். மண்ணுக்குள் ஊறுகிற தண்ணீர் போக வழியில்லாமல் சிமெண்டுக்குப் பின்னால் தேங்கித் தள்ளும். இந்தச் சரிவுக்கு வெட்டிவேரை வரிசை வரிசையாக நட்டால் போதும். அதன் வேர் பக்கவாட்டில் படராமல் நேராகக் கீழே இறங்கி மண்ணைப் பிடித்துக்கொள்ளும் என்றார். குடியிருப்போர் குழுச் செயலாளர் நான். வீடு வீடாக ஏறி இதைச் சொல்லி ஒப்புக்கொள்ள வைத்தேன். போன வருஷ மழையில் சரிவு அசையவில்லை.

அன்று மாலை அக்கா வீட்டைத் தாண்டும்போதே வாசம் வந்தது. பின்பக்கம் போனேன். கழுவிய வேர்கள் சிமெண்டுத் தரையில் காய்ந்துகொண்டிருந்தன. அக்காவும் கோயிலுக்கு மாலை கட்டும் இரண்டு பெண்களும் உட்கார்ந்து சிக்கெடுத்துக்கொண்டிருந்தார்கள். சரிவை நிமிர்ந்து பார்த்தேன். கீழ் வரிசைகள் இரண்டும் இல்லை. சிவப்பு மண் குழி குழியாகத் திறந்து கிடந்தது.

"யாருக்கா தோண்டுனது?"

"நாங்கதான், நேத்து. வெள்ளிக்கிழமை அம்மனுக்கு வெட்டிவேர் மாலை சாத்துறோம். ஏன் தம்பி மூஞ்சி இப்படிப் போகுது?"

"கடையில கிடைக்காதா?"

"கடை வேருல வாசமே இல்ல லா," என்றார் மாலை கட்டும் பெண்களில் ஒருவர். "இது பாருங்கண்ணே, கையில பிடிச்சாலே மணக்குது. சும்மாத்தானே கெடந்துச்சு."

"சும்மா கெடக்கல. மண்ணப் பிடிச்சிக்கிட்டு இருந்துச்சு."

அக்கா விடவில்லை. "நீதானே நடும்போது ஊரெல்லாம் சொன்னே, வெட்டிவேரு வெட்டிவேருன்னு. வெறும் புல்லுன்னு சொல்லியிருந்தா நாங்க தொட்டிருப்போமா?"

புல் என்று சொல்லியிருந்தால் நடவே விட்டிருக்க மாட்டார்கள். உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியாது என்று தோன்றியதால் நின்றுகொண்டே, மழை வந்தால் அந்தக் குழிகளில் தண்ணீர் இறங்கும், மேல் மண் கனத்து நழுவும் என்று மெதுவாகச் சொன்னேன். அக்காவின் கை வேரிலேயே நின்றுவிட்டது.

"அப்ப அவரு ரூமு?"

நான் பின் அறை ஜன்னலைப் பார்த்தேன்.

"திருப்பி நட்டுடலாமாண்ணே?" என்றார் இன்னொருவர்.

வெட்டிய வேரை நட்டால் வராது. வேருக்கு மேலே இலை முளைக்கும் தூர்தான் வேண்டும். அதை என்ன செய்தீர்கள் என்று கேட்டேன். வாழை மரத்தடியில் குப்பையாகக் குவித்திருந்தார்கள். போய்ப் புரட்டினேன். பாதி வாடியிருந்தது, பாதி தேறும். அந்தப் பெண்கள் தாமாகவே வந்து இலைகளைக் கத்தரித்து, தூர்களை வாளித் தண்ணீரில் நிறுத்தினார்கள். நட்டாலும் வேர் ஆழம் போக இன்னொரு மழைக்காலம் தாண்ட வேண்டும். மறுபடி நீர் ஊற்றல், மறுபடி வீடு வீடாகப் பேச்சு. நினைக்கும்போதே தோள் இறங்கியது.

அன்றைக்கு வேண்டியது குழிகளில் மழை இறங்காமல் மூட ஒரு கன்வாஸ். பக்கத்து வீட்டில் கல்யாணப் பந்தலுக்கு வைத்திருந்த நீலக் கன்வாஸை வாங்கி வந்து, திறந்த மண்மீது விரித்து, விளிம்பில் மணல் மூட்டை வைத்தோம். பெண்கள் கீழிருந்து தூக்கிக் கொடுத்தார்கள். நான் வழுக்கியபோது சிரித்தார்கள், பிறகு கை கொடுத்தார்கள்.

அக்காவின் கணவரைக் கட்டிலோடு ஹாலுக்கு மாற்றினோம். அவருக்கு வாய் ஒரு பக்கம் கோணும், பேச்சு குழறும், புத்தி மட்டும் கத்தி.

"அம்மனுக்கு மாலை. எனக்கு மண்ணு," என்றார்.

"வாய மூடுங்க," என்ற அக்கா, முகத்தைத் திருப்பிக்கொண்டு போர்வையை உதறினார்.

சிக்கெடுத்த வேர் கோயிலுக்குத்தான் போகும். அதில் நான் தலையிடவில்லை. கிளம்பும்போது, இனி ஒரு தூரையும் எவரையும் தொட விடமாட்டேன் என்று அக்கா சொன்னார். தலையாட்டினேன். நம்பினேனா என்று தெரியவில்லை. படுத்த கொஞ்ச நேரத்தில் மழை பிடித்தது.

மறுநாள் காலை முதல் வேலையாக அக்கா வீட்டுப் பின் அறைக்குள் போய், சுவரின் அடியை உள்ளங்கையால் தடவிப் பார்த்தேன். ஈரமில்லை. வெளியே கால்வாய் பாதி வரை செம்மண். அக்கா ஏற்கெனவே அதற்குள் இறங்கி அள்ளிக்கொண்டிருந்தார்.