மூலை மாறிய கீறல்

இருபத்திரண்டு வருஷமாக யாரும் உட்காரச் சொல்லாத ஒரு மனிதரிடம் திடீரென்று ஒரு நாள் "உட்காருங்க" என்று சொன்னால், அவர் முதலில் நாற்காலிக்கு நாலு காலும் இருக்கிறதா என்று குனிந்து பார்க்க வேண்டும். அப்லோடு அண்ணன் பார்க்கவில்லை. உட்கார்ந்துவிட்டார்.

"இந்தக் கட்டுரையில உங்க பேரையும் போட்டிருக்கேன்" என்றார் எதிரே இருந்த பேராசிரியர்.

"எனக்கெதுக்கு சார் அதெல்லாம்…"

"இத்தனை வருஷம் உழைச்சிருக்கீங்க, யாராவது கண்டுக்கிட்டாங்களா? எனக்கே மனசு கேக்கல. வெள்ளிக்கிழமை சாயங்காலத்துக்குள்ள அனுப்பிடுங்க."

ஆடு நனைகிறதே என்று அழுத ஓநாயும் இதே குரலில்தான் அழுதிருக்கும். ஆனால் நனைந்துகொண்டிருக்கும் ஆட்டுக்கு அந்த நேரத்தில் குடை மட்டும்தானே கண்ணில் படும்?

அப்லோடு அண்ணன் செல் ஆராய்ச்சிக் கூடத்தின் டெக்னீஷியன். கண்ணாடித் தட்டுகளைக் கழுவுவது, செல் வளர்க்கும் இன்குபேட்டரின் வெப்பத்தைக் காலையும் மாலையும் குறித்து வைப்பது, மைக்ராஸ்கோப்பில் படம் எடுப்பது இதெல்லாம் சம்பளத்துக்கான வேலை. பட்டப்பெயர் வாங்கிக் கொடுத்தது வேறு வேலை. ஆராய்ச்சி இதழ்களுக்குக் கட்டுரை அனுப்புவதில் அவரை மிஞ்ச அந்தக் கட்டடத்தில் ஆள் கிடையாது. ஒவ்வொரு இதழுக்கும் ஒரு மாமியார் குணம். மேற்கோள் பட்டியலில் வருஷத்துக்கு அடைப்புக்குறி போட்டால் ஒன்றுக்குப் பிடிக்கும், இன்னொன்று போட்டதற்காகவே திருப்பி அனுப்பும். எல்லா மாமியாரின் குணமும் அண்ணனுக்கு அத்துப்படி.

அவரிடம் ஒரு நீல டைரி இருந்தது. அதில் துறையின் பெரியவர்கள் முதல் ஆய்வு மாணவர்கள் வரை அத்தனை பேரின் பாஸ்வேர்டும் வரிசையாக இருந்தது. கட்டுரை போய்ச் சேர்ந்ததும் இதழ், அதில் பெயர் உள்ள ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகக் கடிதம் போடும்: படித்தீர்களா, சம்மதமா? டைரியைத் திறந்து எல்லோருடைய சம்மதத்தையும் அண்ணனின் வலது ஆள்காட்டி விரலே சொல்லிவிடும். அந்த விரலுக்கு இந்நேரம் ரெண்டு முனைவர் பட்டம் கொடுத்திருக்கலாம். அனுப்புவதற்கு முன் எல்லாவற்றையும் சேர்த்துத் தைத்து இதழின் தளம் ஒரு பி.டி.எஃப் காட்டும், சரிபார்க்கச் சொல்லும். "நீங்க பார்த்தா நான் பார்த்த மாதிரி" என்பார் பேராசிரியர். இருபத்திரண்டு வருஷத்தில் அண்ணனைத் தவிர வேறு யாரும் அதைத் திறந்ததில்லை.

வீட்டில் விஷயத்தைச் சொன்னதும் மகள் குதித்தாள். "அப்பா, உன் பேரைத் தேடினா நெட்ல வருமா?"

"வரும். ஆறு பேர்ல நாலாவது."

மனைவி முன்னறையில் துணி தைப்பவள். ஒரு கோட்டின் கையைப் பிரித்துக்கொண்டிருந்தவள் நிமிரவில்லை. "இருபத்திரண்டு வருஷம் கண்ணுல படாத ஆளு, இப்ப எப்படிங்க திடீர்னு பட்டீங்க?"

"உனக்கு எதுலயும் ஒரு நொள்ளை."

"நொள்ளை இல்ல. அளவெடுக்கறது ஒருத்தர், வெட்டறது ஒருத்தர். துணி பாழாச்சுன்னா, 'யாரு தைச்சது?'ன்னுதான் கேப்பாங்க. என் கடையில நடக்காததா?"

"இது துணியில்லடி. விஞ்ஞானம்."

"சரி, போட்டுப் பாருங்க. கை தூக்க வருதான்னு பாப்போம்."

அண்ணன் கோபித்துக்கொண்டு டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தார். கோபத்துக்குக் காரணம் அவள் சொன்னது தப்பு என்பதல்ல.

வெள்ளிக்கிழமை காலை படங்களை ஒவ்வொன்றாக ஏற்றினார். ஒன்று, இரண்டு, மூன்று. நான்காவது படம் திரையில் விரிந்ததும் கை நின்றுவிட்டது.

அந்தக் கூடத்து மைக்ராஸ்கோப்பில், கேமராவுக்கு முன்னால் இருக்கும் கண்ணாடியில் மயிரிழை போல் ஒரு கீறல் உண்டு. கண்ணாடியை மாற்றச் சொல்லி அண்ணன் ஒன்பது முறை எழுதிக் கொடுத்திருந்தார். ஒன்பது காகிதமும் போன இடம் தெரியாது. அதனால் அதில் எடுத்த எல்லாப் படத்திலும் மேலே வலது மூலையில் அந்தக் கீறல் மெலிதாக இருக்கும். மற்றவர்கள் கண்ணுக்குத் தெரியாது. அவருக்கு அது சொந்தக் கையெழுத்து மாதிரி.

நான்காவது படத்தில் கீறல் கீழே இடது மூலையில் இருந்தது.

கண்ணாடியில் விழுந்த கீறல் நடந்து போகாது. அண்ணன் இரண்டாவது படத்தை எடுத்துத் தலைகீழாகத் திருப்பி, நான்காவதன் பக்கத்தில் வைத்தார். ஒவ்வொரு செல்லும் அச்சு அசலாகப் பொருந்தியது. மருந்து போடாத செல்களின் படத்தைக் கவிழ்த்து, மருந்து போட்டும் பிழைத்த செல்கள் என்று கீழே எழுதியிருந்தார்கள்.

அதைவிட மோசம் ஒன்று அவருக்குத் தெரியும். நான்காவது படத்துக்கென்று வளர்த்த நான்காவது தட்டு, இன்குபேட்டர் பழுதாகி நின்ற வாரத்திலேயே செத்துப்போனது. அவரே தன் கையால் கொட்டிக் கழுவினார். செத்துக் கழுவப்பட்ட தட்டுக்கு இப்போது அழகாகப் படம் வந்திருக்கிறது.

முனைவர் பட்டத்துக்கு ஆய்வு செய்யும் பெண் அடுத்த மேஜையில் இருந்தாள். கட்டுரையில் முதல் பெயர் அவளுடையது.

"படம் நாலு எங்கேருந்தும்மா வந்துச்சு?"

அவள் கீபோர்டைப் பார்த்தபடியே இருந்தாள். "சார் குடுத்தாருண்ணே."

"அந்தத் தட்டை நான்தானே கொட்டினேன்?"

"அண்ணே, ரெண்டு மாசத்துல நான் தீசிஸ் குடுக்கணும். என்கிட்ட கேக்காதீங்க." குரலைத் தாழ்த்தினாள். "கொட்டினது உங்களுக்கும் எனக்கும்தானே தெரியும்."

அப்லோடு அண்ணன் கட்டுரையின் கடைசிப் பக்கத்துக்குப் போனார். யார் யார் என்ன செய்தார்கள் என்று சொல்லும் பகுதி அது. திட்டம், வழிகாட்டல், எழுத்து, மேற்பார்வை என்று ஐந்து பேரும் காற்றைப் பிரித்து எடுத்துக்கொண்டிருந்தார்கள். மீதி ஒரு ஆளுக்கு மட்டும் கையில் பிடிக்கிற மாதிரி ஒன்று இருந்தது: 'படங்கள் அனைத்தும், மூலத் தரவு முழுவதும்.' பக்கத்தில் அவர் பெயர், எழுத்துப் பிழையே இல்லாமல்.

அப்போதுதான் கோட்டின் கை இறுக்கியது.

பேராசிரியருக்குப் போன் போட்டார். கூட்டத்தின் இரைச்சலுக்கு நடுவே குரல் வந்தது.

"சார், படம் நாலு…"

"ஏன், ஏதாவது பிரச்சினையா? எல்லாம் நீங்க எடுத்த படம்தானே?"

கேள்வி மாதிரி இருந்தது. ஆனால் பதிலுக்கு இடம் விடவில்லை.

"உங்க பேரு இருக்குல்ல? அப்புறம் என்ன? அனுப்பிட்டுச் சொல்லுங்க." வைத்துவிட்டார்.

பெயரை எடுத்துவிடலாம் என்று நினைத்தார். எடுத்தால் யாரோ கேட்பார்கள். கேட்டாலும் கேட்காவிட்டாலும் கீறல் அவருடையதாகவே இருக்கும். அனுப்பாமல் இருந்தால் திங்கட்கிழமை வேலை இருக்காது. அப்படியே அனுப்பினால், என்றாவது ஒரு நாள் எங்கிருந்தோ ஒருவர் அந்த இரண்டு படத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்வரை வேலை இருக்கும்.

கதவைப் பார்த்தார். பிறகு கடைசிப் பக்கத்தில் தன் பெயருக்கு எதிரே இருந்ததை அழித்துவிட்டு அடித்தார்: 'படம் 1, 2, 3, 5 எடுத்தவர். படம் 4 இவர் எடுத்ததல்ல; அது படம் 2-ஐத் தலைகீழாகத் திருப்பியது. நான்காம் தட்டின் செல்கள் படம் எடுக்கும் முன்பே இறந்தன, இவரே கொட்டினார்.' எத்தனையோ பேரின் வாக்கியங்களுக்கு முற்றுப்புள்ளி வைத்தவர், தன் வாக்கியத்துக்கு வைக்க ரொம்ப நேரம் எடுத்துக்கொண்டார்.

பி.டி.எஃப் வந்தது. முப்பத்தொரு பக்கம். முதலிலிருந்து கடைசிவரை படித்தார். அனுப்பினார். பிறகு நீல டைரியைத் திறந்தார். வழக்கம்போல ஐந்து பேருக்காக 'படித்தேன், சம்மதம்' என்று சொன்னது விரல். மீதி ஒன்று அவருடையது. அதை மட்டும் படித்த ஆளே சொன்னார்.

மூன்று மணிக்குப் பேராசிரியர் வந்தார். "போச்சா?"

"போச்சு சார்."

"எல்லாரும் ஓகே சொல்லியாச்சா?"

"எல்லாரும் படிச்சு ஒத்துக்கிட்டதா போட்டாச்சு சார்."

பேராசிரியர் தோளைத் தட்டினார். கை கொஞ்ச நேரம் அங்கேயே இருந்தது. "அந்த பி.டி.எஃப்பை எனக்கும் ஒண்ணு அனுப்புங்க. உங்க பேரு எப்படி வந்திருக்குன்னு பாக்கணும்ல?"

ஆய்வுப் பெண் தலையைத் தூக்கி அண்ணனைப் பார்த்தாள். அண்ணனின் முகத்தில் ஒன்றுமில்லை. ஒன்றுமில்லாத அந்த முகத்தைப் பார்த்ததும் அவள் பையை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டாள்.

அண்ணன் அனுப்பினார். பிறகு குழாயடிக்குப் போய்க் காலையில் சேர்ந்த தட்டுகளைக் கழுவ ஆரம்பித்தார். பேராசிரியரின் உள்ளறைக் கதவு பாதி திறந்திருந்தது. மவுஸ் சக்கரம் உருளும் சத்தம் வந்தது, டிக் டிக் டிக் என்று, அவசரமில்லாமல். பெயர் முதல் பக்கத்திலேயே இருக்கிறது. அதோடு மூடியிருக்கலாம். சத்தம் நிற்கவில்லை. அண்ணன் ஒவ்வொரு தட்டாகக் கழுவிக் கவிழ்த்து வைத்தார்.

பதினான்காவது தட்டில் சத்தம் நின்றது.

அண்ணன் குழாயை மூடினார். கூடம் முழுக்க இன்குபேட்டரின் உறுமல் மட்டும் கேட்டது.

"இங்க கொஞ்சம் வாங்க" என்றார் பேராசிரியர் உள்ளேயிருந்து.

அண்ணன் கையைத் துடைத்துக்கொண்டு போனார். இந்தத் தடவை யாரும் உட்காரச் சொல்லவில்லை.