தண்ணீரை வெட்டிய படம்

பாளையங்கோட்டையில் ஓர் இணையச் செய்தித் தளத்தில் வேலை பார்க்கிறேன். மாடியில் ஓர் அறை, நாலு பேர். ஒரு நாள், வெளியூரில் யாரோ பிள்ளை பிடிக்கிறார்கள் என்று செய்தி வந்தது. போலீஸ் எதையும் உறுதிப்படுத்தவில்லை. தலைப்பில் ஒரு கேள்விக்குறி போட்டால் போதும் என்றார் ஆசிரியர். படம்தான் இல்லை.

பழைய படங்களில் தேடினேன். வெள்ளத்தின்போது ஏரல் பக்கம் எடுத்த ஒன்று கிடைத்தது. சேலைத் தலைப்பைத் தலையில் போட்ட ஒரு பெண், அலறும் குழந்தையை இறுக்கிப் பிடித்தபடி இடுப்பளவு தண்ணீரில் வருகிறாள். ஆசிரியர் எட்டிப் பார்த்தார்.

"தண்ணி தெரியுதுல்லா, அத மட்டும் வெட்டிரும்வே."

வெட்டினேன். அரை நிமிட வேலை. மூலையில் பொடி எழுத்தில் 'மாதிரிப் படம்' என்று போட்டேன். அது யார் கண்ணிலும் படாது என்று எனக்குத் தெரியும். அந்த மாதம் அதிகம் பேர் பார்த்த செய்தி அதுதான். சாயங்காலம் எல்லோருக்கும் வடை வாங்கித் தந்தார்கள். நானும் தின்றேன்.

மூன்றாம் நாள் அந்தப் பெண் தன் அண்ணனோடு படியேறி வந்தாள். அங்கன்வாடியில் உதவியாளர். அழவில்லை, சத்தம் போடவில்லை.

"அது அடுத்த வீட்டுப் பிள்ள சார். தண்ணிக்குள்ள இருந்து நாந்தான் தூக்கிட்டு வந்தேன். இப்பம் எங்கிட்ட ஒருத்தரும் பிள்ளைய விட மாட்டேங்காவ."

ஆசிரியர் அந்தப் பொடி எழுத்தைப் பெரிதாக்கிக் காட்டினார். நான் அவள் முன்னாலேயே படத்தை நீக்கினேன். மறுப்பும் போட்டேன், திறந்து படித்தவர்கள் சொற்பம். அதற்குள் படம் வாட்ஸ்அப்பில் ஊர்ப்பெயர் மாறி மாறிப் போய்க்கொண்டிருந்தது.

ஒரு மாதம் கழித்து மன்னிப்புக் கேட்க ஏரலுக்குப் போனேன். அவள் வெளியே வரவில்லை. வேலைக்குப் போவதையே நிறுத்திவிட்டாள் என்று அண்ணன் வாசலில் நின்றபடி சொன்னார். காப்பாற்றப்பட்ட பிள்ளையின் தாய் தெருத்தெருவாக உண்மையைச் சொல்லிப் பார்த்தாளாம். பிறகு அவளும் ஓய்ந்துவிட்டாளாம்.

"இனிமே இங்கன வராதீய. எதுக்கு வந்தீயன்னு தெருவுல கேப்பாவ," என்றார்.

அடுத்த பஸ்ஸில் திரும்பினேன். வேலையை விடவேண்டும் என்று சில நாள் நினைத்தேன். விடவில்லை.

போன வாரம் எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் தங்கை அந்தப் படத்தை அனுப்பியிருந்தாள். சாத்தான்குளம் பக்கம் பிடிபட்டவள் என்று கீழே எழுதியிருந்தது. நடந்தது முழுவதையும், வெட்டியது நான்தான் என்பதையும் எழுதினேன். தங்கை பதில் போட்டாள்.

"சரிண்ணே. ஆனாலும் நாம பிள்ளையளக் கவனமாப் பாத்துக்கிடணும்லா."

சொந்தக்காரர்கள் நாலு பேர் அதற்குக் கட்டைவிரலை உயர்த்தியிருந்தார்கள்.