கறுத்த நகத்தின் மேல் சங்குப்பூ

மலேசியாவில், லுக்குட் டவுனிலிருந்து உள்ளே தள்ளி இருக்கும் எங்கள் செம்பனைத் தோட்டத்தில் நகத்தில் பூ வரைகிறவள் நான் ஒருத்திதான். சமையலறை மேசையும் ஒரு விளக்கும் மெல்லிய தூரிகைகளும்தான் என் கடை. ஸ்டிக்கர் ஒட்டுவதை நான் வேலையென்றே மதிப்பதில்லை. செம்பருத்தி வரைந்தால் மகரந்தம் ஒட்டுமோ என்று தொட்டுப் பார்க்க வேண்டும். அந்தத் திமிர் எனக்கு உண்டு.

பின்வரிசை வீட்டுக்குக் கல்யாணமாகி வந்த பெண் முதல் தடவை வந்தபோது ஆள்காட்டி விரல் நகம் கறுத்திருந்தது. கதவிடுக்கில் மாட்டிக்கொண்டது என்றாள். பாவம் என்று அதன் மேல் கருநீலத்தில் சங்குப்பூ வரைந்தேன். அடுத்த தடவை நடுவிரல். அதற்கும் கதவுதான். எந்த வீட்டுக் கதவு இப்படி விரல் விரலாகத் தேடிக் கடிக்கும்?

அவளைக் கூட்டி வருவது எப்போதும் புருஷன்தான். செண்டாயான் தொழிற்பேட்டையில் வேலை. அவன் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. வரும்போது கறிப்பாப் பலகாரம் வாங்கி வருவான். எந்தப் பூ, எந்த நிறம் என்று அவனே சொல்வான். அவள் கையை மட்டும் நீட்டுவாள். அவனுடைய மரியாதையைக் கண்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அவளுக்கு வளைகாப்பு வந்தது. முதல் நாள் சாயங்காலம் அழைத்து வந்தான். இந்த முறை கட்டை விரல். நகம் முழுக்க ரத்தம் கட்டி, ஓரம் வீங்கியிருந்தது.

"நாளைக்கு எல்லாரும் கையப் பாப்பாங்கக்கா. எல்லா வெரலுக்கும் டார்க்கா போட்டுருங்க லா," என்றான். போன் அடித்ததும் பேசிக்கொண்டே வாசலுக்குப் போனான்.

"இதுவும் கதவா?" என்று அவளைக் கேட்டேன். என் வாய் சும்மா இருக்காது.

அவள் வாசலைப் பார்த்தாள். "வளைகாப்பு முடிஞ்சா அம்மா வீட்டுக்கு அனுப்பணும்ல? அனுப்ப மாட்டேங்கிறாருக்கா. அம்மாகிட்ட போன்ல பேசினாலும் பக்கத்துலயே நிக்கிறாரு." குரல் இன்னும் இறங்கியது. "அம்மா இதப் பாக்கணும்."

பூவுக்கு நான் எடுப்பது தண்ணீரில் கரையும் சாயம். மேலே ஜெல் பூசி விளக்கில் காய வைத்தால்தான் நிற்கும். அன்று பத்து விரலிலும் நகம் மறையக் கருநீலச் சங்குப்பூ வரைந்தேன்; அந்தக் கட்டை விரலுக்கு மட்டும் ஜெல் பூசவில்லை. "நாளைக்குச் சந்தனம் பூசற வரைக்கும் இத நனைக்காத," என்றேன். அவன் வந்து ஒவ்வொரு நகமாகத் திருப்பிப் பார்த்தான். "கைராசிக்காரிக்கா நீங்க," என்று சொல்லி அழைத்துப் போனான்.

மறுநாள் வளைகாப்பில் நானும் இருந்தேன். பன்னீர் விட்டுக் குழைத்த சந்தனத்தை முதலில் அவள் அம்மாதான் எடுத்தார். மகளின் கைகளில் அழுத்தித் தேய்த்தார். மஞ்சள் சந்தனத்தில் நீலம் கலந்து ஓடியது. அம்மா முந்தானையால் அந்தக் கட்டை விரலைத் துடைத்துவிட்டு, ரத்தம் கட்டிய நகத்தைப் பார்த்தார். வளையல்களைப் போட்டு முடித்தார்.

"பிள்ளைய இன்னைக்கே கூட்டிட்டுப் போறேன் மாப்பிள்ள."

"அடுத்த வாரம் நானே கொண்டாந்து விடுறேனே அத்த," என்று சிரித்தான். அம்மா மகளின் கையை விடவே இல்லை. அத்தனை பெண்களுக்கும் நடுவே அப்படியே பிடித்துக்கொண்டு காருக்கு நடந்தார். கார் தோட்டத்தைத் தாண்டும்வரை நான் பார்த்துக்கொண்டு நின்றேன். அழுகை வந்தது.

அடுத்த நாள் வீட்டில் நான் தனியாக இருந்தேன். அவன் வந்து, எப்போதும் அவள் உட்காரும் நாற்காலியில் உட்கார்ந்தான். கறிப்பாப் பொட்டலத்தை மேசையில் வைத்தான்.

"மத்த வெரல்லாம் அப்படியே இருந்திச்சுக்கா," என்றான் அமைதியாக. "அது ஒன்னுதான் கரஞ்சு போச்சு."

அவன் என் முகத்தைப் பார்க்கவே இல்லை. மேசைமேல் இருந்த என் விரல்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.