குழிக்காரன் சொன்ன மஞ்சள்

அம்பத்தூர் ஏரிக்கரையில், மதகுக்குப் பக்கத்தில், ஒரு கம்பு நட்டிருக்கும். அதன் நிழல் நகரும் வழியில் ஆறு கற்கள். நிழல் ஒரு கல்லைத் தொட்டால் ஒருவர் வயலுக்கு மடை அடைபடும், அடுத்தவர் வயலுக்குத் திறக்கும். தொட்டதா இல்லையா என்று சொல்கிறவன் வேம்புலி. அவன் நீர்கட்டி. ஏரித் தண்ணீரை வயல்களுக்குப் பங்கிட்டு விடுவது அவன் வேலை. அவனுக்கு முன்னால் அவன் அப்பனுக்கும் அதே வேலை.

ஒரு விரல்கடை நிழலுக்காக மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தவர்கள்கூட, "வேம்புலி இன்னா சொன்னான்?" என்று கேட்டுவிட்டு மண்வெட்டியைத் தோளில் சாய்த்துக்கொண்டு போனதுண்டு. வேம்புலிக்கு ஒரு குழி நிலம்கூடக் கிடையாது. மேற்கே சேரியில் ஒரு குடிசை, மனைவி நாகவல்லி, அறுவடைக்கு அறுவடை களத்தில் அளந்து போடும் நெல், அவ்வளவுதான். தன் சொல்லுக்கு ஊரில் ஒரு மதிப்பு இருப்பதை அவன் பெரிதாக நினைத்ததில்லை. மூச்சு விடுவதை யார் பெரிதாக நினைக்கிறார்கள்?

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்து நான்காம் வருஷம் சித்திரையில், ஏரி வற்றிக் கிடந்தபோது, பரந்தாமன் அதன் நடுவே வில் கழகம் ஆரம்பித்தான். பரந்தாமன் இருபது காணி நிலம் உள்ள வீட்டுப் பிள்ளை. பட்டணத்தில் இரண்டு வருஷம் படித்தவன். அங்கே ஏதோ ஒரு தோட்டத்தில் வெள்ளைக்காரர்கள் வில் பழகுவதை வேலிக்கு வெளியே நின்று பார்த்திருக்கிறான். அவனுக்கும் வேம்புலிக்கும் ஒரே வயது. சின்ன வயதில் இருவரும் உண்டிவில்லோடு இதே ஏரிக்குள் காடையும் கொக்கும் துரத்தித் திரிந்தவர்கள். பெரியவர்களான பிறகு ஒருவன் 'டேய் வேம்புலி' ஆனான், மற்றவன் 'சின்னய்யா' ஆனான். இருவருமே அதைப் பற்றிப் பேசிக்கொண்டதில்லை.

கழகத்தில் ஆறு பேர். ஓய்வு பெற்ற தலைமையாசிரியர் ஜெயராமன் தலைவர். மவுண்ட்ரோடிலிருந்து நான்கு வில் வந்தது. இலக்கை வேம்புலி செய்தான். வைக்கோலைப் பிரியாக முறுக்கி, பாயைப்போல் வட்டமாகச் சுற்றித் தைத்து, மேலே துணி போர்த்தி, ஐந்து வட்டங்கள் எழுதினான். வெளியே வெள்ளை, பிறகு கறுப்பு, நீலம், சிவப்பு, நடுவில் மஞ்சள். எய்கிறவர்கள் நிற்கும் கோட்டிலிருந்து அறுபது கஜம். அவ்வளவு தூரத்திலிருந்து அம்பு எங்கே பட்டது என்பது கண்ணுக்குத் தெரியாது. அதற்காக இலக்குக்குப் பக்கத்தில் ஒரு குழி வெட்டி, முன்னால் மண்சுவர் வைத்தார்கள். குழியில் இருப்பவன் வெளியே வந்து பார்த்து, நிறத்தைக் கூவிச் சொல்லி, உடனே அம்பைப் பிடுங்கிவிடுவான். மறுபடி யாரும் போய்ப் பார்ப்பதில்லை. துணி முழுக்கப் பழைய துளைகள் இருக்கும்போது பார்த்தும் பயனில்லை.

குழிக்கு யார் என்ற கேள்வியே எழவில்லை. "நிழல் பாக்கறவன் அம்பு பாக்கமாட்டானா" என்றான் பரந்தாமன்.

ஜெயராமன் ஒரு விதி மட்டும் சேர்த்தார். குழியில் நிற்பவன் கோட்டில் நின்று எய்யக்கூடாது. "எய்கிறவனுக்கு ஒரு பக்கம் உண்டு. குழிக்காரனுக்குப் பக்கமே இருக்கக்கூடாது."

முதல் மாதம் அம்புகள் இலக்கைத் தவிர மற்ற எல்லாவற்றிலும் பட்டன. ஒன்று எருமை மேய்க்க வந்த துலுக்கானத்தின் கூழ்ப்பானையை உடைத்தது. அவன் உடைந்த பானையைக் கோட்டுக்கே கொண்டுவந்து வைத்து, "இதுக்கு இன்னா கலர் சொல்லுவே மாமே?" என்று வேம்புலியைக் கேட்டான். ஆடியில் மேல்காற்று அம்புகளைக் கிழக்கே தள்ளியது. ஐப்பசி மழையில், வைக்கோலில் தங்கியிருந்த நெல் முளைத்து, மஞ்சள் வட்டத்தைத் துளைத்துக்கொண்டு பச்சையாக எட்டிப் பார்த்தது. அன்று எல்லோரும் சிரித்தார்கள். ஏரி நிரம்பியதும் கழகம் கரைக்குக் கீழே பனந்தோப்புக்கு இடம் மாறியது. வேம்புலி அங்கே புதிதாக ஒரு குழி வெட்டினான்.

அதற்கு முன்பே, ஆவணியில் ஒரு சாயங்காலம், மற்றவர்கள் போன பிறகு, பரந்தாமன் வில்லை அவனிடம் நீட்டினான். "மூணு அம்பு வுட்டுப் பாரு."

வேம்புலி எய்தான். இரண்டு மஞ்சளில் பட்டன, ஒன்று சிவப்பில். பரந்தாமன் இலக்குவரை நடந்துபோய் அம்புகளைத் தானே பிடுங்கிக்கொண்டு வந்தான்.

"இந்த வருஷம் மட்டும் குழியில நில்லு" என்றான் பிறகு. "பொங்கல் போட்டி முடியட்டும். மாசியில உன் பேரை கழக நோட்டுல எழுதி கோட்டுல நிக்க வெக்கறேன். ஜெயராமன் சாரை நான் பாத்துக்கறேன்."

"மத்தவங்க ஒத்துக்குவாங்களா சின்னய்யா?"

"நான் சொல்றேன் இல்ல?"

கோட்டில் நிற்கும் ஆறு பேரும் தோளோடு தோள் நிற்பார்கள். தெருவில் அந்த ஆறு பேரில் எவர் எதிரே வந்தாலும் வேம்புலி தோள் துண்டை இடுப்புக்கு இறக்கி ஓரமாக ஒதுங்குகிறவன். வில் கையில் இருக்கும்போது ஒதுங்க முடியாது. கால் அகட்டி, நெஞ்சு நிமிர்த்தித்தான் நிற்க வேண்டும். அவனுக்கு அம்பைவிட அப்படி நிற்பதன்மேல்தான் ஆசை.

நாகவல்லிக்கு நம்பிக்கை இல்லை. "உன்ன கோட்டுல நிக்க வெச்சுட்டு அவரு எங்க நிப்பாரு? போ, போயி குழிய ஒழுங்கா வெட்டு."

தை பிறந்தது. காணும் பொங்கலன்று பூந்தமல்லிக் கழகத்தோடு போட்டி. அதற்கு முதல் நாள் உச்சிவேளையில் பரந்தாமன் மதகுக்கு வந்தான். கம்பின் நிழலைப் பார்த்துக்கொண்டே பேசினான்.

"அவுங்களாண்ட கங்காதரன்னு ஒருத்தன் கீறான். நல்லா அடிப்பான்."

"நீங்களும் அடிப்பீங்க."

"அடிப்பேன். மஞ்சக் கோட்டு மேல ஒண்ணு வுழுந்துச்சுன்னு வை. தொட்டுதா, தொடலியான்னு உனக்கே சந்தேகம் வருது. அப்போ என் பக்கம் சொல்லு."

வேம்புலி மதகில் ஒட்டியிருந்த பாசியைச் சுரண்டினான்.

"மாசியில நீ கோட்டுல நிக்கணுமா, வேணாமா? கோப்பை நம்பள்து ஆச்சுன்னா என் பேச்ச எவனும் தட்டமாட்டான்."

"சந்தேகம் வந்தா பாக்கலாம் சின்னய்யா."

சந்தேகம் என்ற சொல்லில் இருவருக்கும் இடம் இருந்தது. ஒரு மனிதன் செய்யக்கூடாததைச் செய்யச் சம்மதிப்பது பெரும்பாலும் இப்படித்தான். செய்கிறேன் என்று சொல்லாமலே சம்மதிக்கிறான்.

மறுநாள் பனந்தோப்பில் இருநூறு பேர் கூடியிருந்தார்கள். மற்றவர்கள் பின்தங்கிவிட, கடைசியில் கங்காதரனும் பரந்தாமனும் மட்டும் மிஞ்சினார்கள். கங்காதரன் தன் அம்புகளை முடித்துவிட்டான். பரந்தாமனுக்கு ஒன்று பாக்கி. அது மஞ்சளில் பட்டால் கோப்பை அம்பத்தூருக்கு, சிவப்பில் பட்டால் பூந்தமல்லிக்கு. வட்டத்தின் கோட்டைத் தொட்டாலும் உள்வட்டக் கணக்குத்தான்.

அம்பு வந்து பட்ட ஓசை வேம்புலிக்குக் குழிக்குள் கேட்டது. வெளியே வந்து பார்த்தான். சந்தேகமே இல்லை. அம்பு சிவப்பில் இருந்தது. மஞ்சளின் கோட்டுக்கும் அதற்கும் இடையே ஒரு நெல் படுக்கும் அளவு இடம் இருந்தது. நிழல் பார்த்துப் பழகிய கண்ணுக்கு ஒரு நெல் என்பது பெரிய தூரம்.

அவன் திரும்பி அறுபது கஜத்துக்கு அப்பால் பார்த்தான். பரந்தாமன் வில்லைத் தரையில் ஊன்றி நின்றுகொண்டிருந்தான். முகம் தெரியவில்லை.

"மஞ்சள்" என்று கூவி அம்பைப் பிடுங்கினான்.

அம்பத்தூர் ஆட்கள் ஆர்ப்பரித்தார்கள். கங்காதரன் மட்டும் அசையவில்லை. பிறகு துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு இலக்கை நோக்கி நடக்கத் தொடங்கினான். "புதுத் துணிதானே மாட்டிக்கீறாங்க. மஞ்சள்ல எத்தினி துளைன்னு எண்ணிப் பாத்துடலாம்" என்றான்.

போட்டிக்கென்று துணியை மாற்றியவன் வேம்புலியே. அது அப்போதுதான் அவனுக்கு உறைத்தது.

கங்காதரன் பாதி தூரம் வந்திருப்பான். பின்னாலிருந்து பரந்தாமனின் குரல் கேட்டது. "எண்ண வேணாம் அண்ணாத்தே. என் கை நழுவுனது எனக்குத் தெரியும். அது சிவப்புதான். கோப்பை உங்களுது."

பரந்தாமன் எல்லோருக்கும் கேட்கும்படி தொடர்ந்தான். "குழிக்காரன் மேல கோவப்படாதீங்க. எங்க ஊட்டு ஆளு. விசுவாசத்துல சொல்லிட்டான். அந்த மாதிரி ஜெயிக்கறது எனக்கு வேணாம்."

முதலில் கைதட்டியது பூந்தமல்லி ஆட்கள். கங்காதரன் திரும்பிப் போய்ப் பரந்தாமனைத் தழுவிக்கொண்டான். கோப்பையைக் கொடுக்க எழுந்த ஜெயராமன், ஜெயித்தவனைப் பற்றி இரண்டு வாக்கியமும் தோற்றவனைப் பற்றிப் பத்து வாக்கியமும் பேசினார். வேம்புலி கையில் அம்போடு இலக்கின் பக்கத்திலேயே நின்றான். அவனைப் போ என்றும் யாரும் சொல்லவில்லை, வா என்றும் சொல்லவில்லை.

பொய்யைச் சொன்னவன் ஒருவன், கேட்டு வாங்கியவன் ஒருவன். வாங்கியவன் அதைத் திருப்பிக் கொடுத்தபோது ஊரே பாராட்டியது. அது யார் கைக்குத் திரும்பி வந்தது என்று ஒருவரும் பார்க்கவில்லை.

பரந்தாமன் பயந்துபோய் அப்படிச் சொன்னானா, கணக்குப் போட்டுச் சொன்னானா? வேம்புலி இதை நாள் கணக்கில் யோசித்தான். பயம் என்றால் மன்னிக்கலாம் என்று தோன்றியது. ஆனால் அந்த 'விசுவாசம்' என்ற சொல் பயத்தில் வாயில் வருகிற சொல்லாக அவனுக்குப் படவில்லை.

"கோட்டுல நிக்க வெச்சாரா?" என்றாள் நாகவல்லி, போட்டியன்று ராத்திரி. பிறகு அவன் முகத்தைப் பார்த்துவிட்டுக் கூழை ஊற்றி வைத்தாள்.

நான்கு நாள் கழித்து அவன் ஜெயராமன் வீட்டு வாசலில் போய் நின்றான். அவர் வெளியே வந்தார்.

"சார், அன்னிக்கி நான் சொன்னது பொய்தான். ஆனா சொல்லச் சொன்னது சின்னய்யா. மொத நாளு மதகாண்ட வந்து சொன்னாரு."

ஜெயராமன் கெட்டவர் இல்லை. சற்று யோசித்துத்தான் கேட்டார். "அன்றைக்குச் சொன்னது பொய் என்கிறாய். இன்றைக்குச் சொல்வதை எதை வைத்து நம்புவது வேம்புலி?"

உண்மையை நம்பவைக்க அவனிடம் இருந்தது ஒரே ஒரு பொருள். அதைத்தான் தோப்பில் செலவழித்துவிட்டு வந்திருந்தான்.

மாசியில் தண்ணீர் முறை உச்சத்தில் இருந்தது. முதல் நாளே, மூன்றாம் கல்லுக்கு உரிய லோகநாதன் மதகுக்கு வந்து உட்கார்ந்தார். ஐம்பது வயது விவசாயி. இருபது வருஷமாக வேம்புலியின் அப்பன் சொல்லுக்கும் வேம்புலி சொல்லுக்கும் மறுசொல் சொல்லாதவர். மடியிலிருந்து ஒரு பாக்கெட் கடியாரத்தை எடுத்தார்.

"இன்னா நைனா இது?" என்றான் வேம்புலி.

"பட்டணத்துல மருமவன் குடுத்தான். நெழல் ஒருபக்கம் இருக்கட்டும். இதையும் பாத்துக்கலாமேன்னு."

"நான் தப்பா தொறந்துக்கீறனா?"

"நீ தப்பா தொறந்தேன்னு சொல்லல." லோகநாதன் கடியாரத்தைக் காதில் வைத்துக் கேட்டார். "நீ தொறக்க மாட்டேன்னு இனிமே எப்படி சொல்றது?"

அடுத்த வாரத்துக்குள் இன்னும் இரண்டு பேர் வந்து கரையில் உட்காரத் தொடங்கினார்கள். கம்பு அங்கேயே இருந்தது. நிழலும் விழுந்தது. ஆனால் அதை வேம்புலியைத் தவிர யாரும் பார்க்கவில்லை. அதே மாதம் பஞ்சாயத்துக் கோர்ட்டுக்கு ஆள் தேர்ந்தெடுத்தபோது, பரந்தாமனின் பெயரை ஜெயராமன் முன்மொழிந்தார். எதிர்த்து யாரும் நிற்கவில்லை.

மாசி முடியும் முன் ஒரு காலையில் பரந்தாமன் அவனைப் பனந்தோப்புக்குக் கூப்பிட்டு அனுப்பினான். வேறு யாரும் இல்லை. கையில் ஒரு வில், ஒரே ஒரு அம்பு.

"அன்னிக்கி வேற வழி தெரியல வேம்புலி. அவன் எண்ணியிருந்தா ரெண்டு பேர் மானமும் போயிருக்கும்."

"இப்ப ஒருத்தனோட போச்சு" என்றான் வேம்புலி.

பரந்தாமன் அதைக் கேட்காதவன் போல வில்லை நீட்டினான். "நோட்டுல பேரு எழுத முடியாது. கமிட்டி ஒத்துக்காது. நான் மட்டும் இருக்கச்சொல்ல வந்து அடிச்சுக்க. கோட்டுல நிக்கணும்னுதானே கேட்டே? நில்லு."

வேம்புலி வில்லை வாங்கினான். கோட்டுக்குப் போனான். கால் அகட்டி, நெஞ்சு நிமிர்த்தி நின்றான். தோளுக்குப் பக்கத்தில் யாரும் இல்லை. நாணை இழுத்து விட்டான். அம்பு போய்ப் பட்ட ஓசை கேட்டது.

பரந்தாமன் கண்ணைச் சுருக்கிப் பார்த்தான். "எங்க பட்டுது?"

"தெரியல. குழியில ஆளு இல்லியே சின்னய்யா."

வில்லைக் கோட்டின்மேல் வைத்தான். வரும்போது பனையில் சாய்த்து வைத்திருந்த மண்வெட்டியை எடுத்துக்கொண்டு கரை ஏறினான். மேலே லோகநாதன் கடியாரத்தைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தார்.