புஷ்பவல்லியின் நாகாலாந்து

எண்ணூர் விரைவுச் சாலையில் ஒரு பக்கம் கடல், மறுபக்கம் லாரி. துறைமுகத்துக்குள் போகக் காத்து நிற்கும் கண்டெய்னர் வண்டிகளின் வரிசை சில நாள் திருவொற்றியூரைத் தாண்டியும் நீளும். அந்த வரிசைக்கு எதிரே, அலையைத் தடுக்கக் கொட்டிய கருங்கற்களை ஒட்டி, புஷ்பவல்லியின் தள்ளுவண்டி. சோறும் மீன் குழம்பும். புருஷன் திருமலை ஃபைபர் படகில் கொண்டுவருவதில் ஏலத்துக்குப் போகாத மீனெல்லாம் அவள் சட்டிக்கு வந்துவிடும்.

அவள் கடையில் ஒரு வழக்கம் உண்டு. ஊர் அதிசயம் ஒன்றைச் சொல்லும் டிரைவருக்கு ஒரு துண்டு மீன் இலவசம். நிஜமா பொய்யா என்று விசாரிக்கமாட்டாள். கேட்க ருசியாக இருந்தால் போதும். திருப்பதியைத் தாண்டாதவள் நாடு பூராவும் சுற்றியது இப்படித்தான். பாஷை ஒரு பிரச்சினையே இல்லை. பாதி இந்தி, பாதி கைஜாடை, மிச்சத்துக்கு மெட்ராஸ் தமிழ்.

எலிகளுக்குப் பால் வைத்துக் கும்பிடும் கோயில் ஒன்று இருக்கிறது என்றான் ஒருவன். "எங்க வூட்லயும் எலி பால் குடிக்குது நைனா, யாரும் கும்பிடறது இல்ல" என்றபடி துண்டை வைத்தாள். வீடுகளுக்குக் கதவே வைக்காத கிராமத்தைப் பற்றிச் சொன்னான் இன்னொருவன். "நாங்க கதவு வச்சோம். கடலு வந்து எடுத்துகினு போயிடுச்சு" என்றாள். ஒட்டகங்கள் கடலில் நீந்தி மேய்ச்சலுக்குப் போகும் என்று ஒரு பெரியவர் சொன்ன அன்று மட்டும் இரண்டு துண்டு வைத்தாள்.

அது எந்த ஊர் என்று மட்டும் அவள் கேட்டதில்லை. அதுதான் வண்டியின் நெற்றியில் நம்பரோடு எழுதியிருக்கிறதே. மீன்பிடிக் குடும்பத்துக் கணக்கு அது. படகில் எந்தத் துறைமுகத்து எண் இருக்கிறதோ, எங்கே போனாலும் அது அங்கேதான் திரும்பும். அதில் ஏறுகிறவன் எந்த ஊர்க்காரனாகவும் இருக்கலாம். லாரியும் அப்படித்தான் என்று அவளாகவே முடிவு கட்டியிருந்தாள். என்.எல். என்றால் நாகாலாந்து என்று மகள் சௌமியா பள்ளியில் படிக்கும்போதே சொல்லியிருக்கிறாள். வரிசையில் எங்கே பார்த்தாலும் என்.எல். எலிக் கோயில்காரனும் என்.எல்., கதவில்லாத ஊர்க்காரனும் என்.எல்., ஒட்டகப் பெரியவரும் என்.எல்.

ஆகவே அவளிடம் ஒரு நாகாலாந்து இருந்தது. மத்தியானத்தில், குழம்பு கொதிக்க, கடல் காற்றில் கண் சொருகும்போது அது வரும். கதவில்லாத வீடுகள், உள்ளே பயமில்லாமல் உலாவும் எலிகள், தெருக்கோடியில் கடல், கடலில் கழுத்து மட்டும் தெரிய மிதந்து போகும் ஒட்டகங்கள். தூரத்தில் எண்ணூர் அனல் மின் நிலையத்துப் புகைபோக்கிகூட ஒன்று நின்றது, அதை யாரும் சொல்லியிருக்கவில்லை. பொழுது சாய்ந்தால் லாரிகளெல்லாம் அங்கே வீடு திரும்பும். அந்த ஊரை அவளுக்கு ரொம்பப் பிடித்திருந்தது.

சௌமியா மத்திய அரசுத் தேர்வெழுதி வேலை வாங்கினாள். போட்ட இடம் நாகாலாந்தில் திமாப்பூர். திருமலை தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டான். புஷ்பவல்லிதான் சிரித்தாள்.

"இன்னாயா தூரம்? டெய்லி வந்துகினு கீறானுங்க. சாமான லாரில ஏத்தி வுட்டா அவ வூட்டாண்ட எறக்கிடப் போறான். போவட்டும்."

சௌமியா எழுந்து தட்டுக் கழுவப் போனாள்.

கிளம்பும் நாள் நெருங்கியது. கனத்த சாமானை முன்னாலேயே அனுப்பிவிடலாம் என்று பாய், குக்கர், நெத்திலிக் கருவாடு எல்லாவற்றையும் மூட்டை கட்டிக்கொண்டு கடைக்கு வந்தாள் புஷ்பவல்லி. வழக்கமாக வரும் ஜெயவேலின் வண்டி நின்றிருந்தது. அவன் சங்ககிரிக்காரன், வண்டி என்.எல்.

"நாகாலாந்துங்களா? நான் போனதே இல்லீங்கக்கா" என்றான்.

"நீ போவல, சரி. வண்டி போவுதில்ல?"

"வண்டியும் போனதில்லீங்க. அங்க பதிஞ்சா செலவு கம்மின்னு ஓனர் அந்த நம்பர வாங்கியிருக்காரு, அவ்வளவுதானுங்க. இங்க நிக்கிற என்.எல். வண்டியெல்லாம் பெரும்பாலும் அப்படித்தான்."

அவள் கரண்டியைச் சட்டிக்குள் விட்டாள். "அப்போ ஒட்டகம்?"

"அது குஜராத்துங்க."

"எலிக் கோயிலு?"

"ராஜஸ்தான். கதவில்லாத ஊரு மகாராஷ்டிராவுங்க. நாகாலாந்துல கடலே கிடையாதுங்கக்கா, மலைதான். ரயில்ல போனாலே மூணு நாள் ஆகும்."

கடலே கிடையாதாம். பிள்ளையைக் கடல் இல்லாத இடத்துக்கு, கையெட்டாத தூரத்துக்கு, சிரித்துக்கொண்டே தாரை வார்த்திருக்கிறாள். மூட்டையைத் தலையில் ஏற்றிக்கொண்டு, கடையைக்கூட சாத்தாமல் வீட்டுக்கு நடந்தாள்.

"ஒரு வேலையும் வேணாம், எங்கியும் போவ வேணாம்" என்று மூட்டையைத் தொப்பென்று இறக்கினாள்.

சௌமியா மூட்டையைப் பார்த்தாள். "லாரிக்காரு சொல்லிட்டாரா?"

"உனுக்கு முன்னயே தெரியுமா?"

"தெரியும்மா."

"தெரிஞ்சும் ஏண்டி வாயத் தொறக்கல? நான் வுடமாட்டேன்னா?"

"அதுவுந்தான்." சௌமியா குரல் இறங்கியது. "எனுக்கும் பயமாத்தான்மா கீது. அங்க யாரையுமே தெரியாது. நீ அந்த ஊர பத்திப் பேசுவ பாரு, ஒட்டகம் நீந்துது, லாரி வூட்டுக்குத் திரும்புதுன்னு. அத்த கேக்கறப்போதான் போயிடலாம்னு தோணும். நீயும் பயந்துட்டா நான் எப்டிம்மா போவேன்?"

புஷ்பவல்லிக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. வந்த வேகத்திலேயே அது எங்கோ போய், மகளைக் கட்டிக்கொண்டு அழவேண்டும் போலிருந்தது. இரண்டையும் செய்யவில்லை. கீழே உட்கார்ந்து மூட்டையின் முடிச்சை அவிழ்த்தாள். குக்கரை எடுத்து ஓரமாக வைத்தாள், பாயையும் எடுத்தாள். கருவாட்டை மட்டும் தனியாகச் சுற்றி மகளின் பெட்டிக்குள் அமுக்கினாள்.

"மூணு நாளு ரயில்ல நீதான் தூக்கணும்" என்றாள். "நாத்தம் வெளிய வராம கட்டிக் கீறேன்."

சௌமியா போய்ச் சேர்ந்த பிறகு ஒரு மத்தியானம் கடைக்குப் போன் வந்தது.

"ம்மா, இந்த ஊர் அதிசயம் ஒண்ணு சொல்லட்டா? எல்லையில ஒரு கிராமம் கீதாம். ஊர்த்தலைவர் வூட்டுக்கு நடுவாலயே நாட்டு எல்லை போவுதாம். பாதி வூடு இந்தியா, பாதி பர்மா."

"பர்மாவா? வியாசர்பாடில அத்தோ நூடுல்ஸ் விக்கறாங்களே, அவங்க வந்த ஊரா?"

"அதேதான்."

"அப்போ ரொம்ப தூரம்னு சொல்ல முடியாது" என்றாள் புஷ்பவல்லி. கண் சொருகியது. மலைமேல் ஒரு வீடு. ஒரு நாட்டில் அடுப்பு, அடுத்த நாட்டில் பாய். அடுப்பங்கரையிலிருந்து ஒருத்தி கூப்பிட, பாயில் படுத்திருக்கும் மகள் இதோ வருகிறேன் என்கிறாள்.

போனை வைத்ததும் வழக்கப்படி சட்டியிலிருந்து ஒரு துண்டு எடுத்தாள். வாங்கிக்கொள்ள ஆள் இல்லை. அப்போது ஒரு வண்டி வந்து நின்று, புது டிரைவர் ஒருவன் இறங்கிச் சோறு கேட்டான். அவள் வண்டியின் நெற்றியில் என்.எல். என்றிருப்பதைப் பார்த்துவிட்டு அந்தத் துண்டை அவன் தட்டில் வைத்தாள். அவன் புரியாமல் நிமிர்ந்தான், மீன் கேட்கவில்லையே என்றான்.

"துட்டு வேணாம், சாப்புடு நைனா" என்றாள். "உன் வண்டிக்குத்தான் தெரியாது. அந்த ஊர்ல எம்பொண்ணு கீறா."